தூங்கி எழுந்தால் வேறு வீடு

கிரேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டவள் வாசலில் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. தையல்காரிக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நல்ல மரப்பலகையாகப் பார்த்து வாங்கி, 'இங்கே துணி தைத்துத் தரப்படும்' என்று பெயிண்டில் எழுதி, சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். பெயிண்ட் வாசனை போவதற்குள் அவன் வேலை பார்த்த கட்டடம் முடிந்துவிட்டது. கட்டடம் முடிந்தால் கிரேனைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்கள். கிரேன் போகிற ஊருக்கு அதை ஓட்டுகிறவனும் போக வேண்டும், அவன் பெண்டாட்டியும் போக வேண்டும், அவளுடைய தையல் மெஷினும் போக வேண்டும். அதற்கப்புறம் அவள் அட்டையில்தான் எழுதினாள். ஆணி அடிக்கிற வேலையையும் விட்டுவிட்டு, நூலில் கட்டிக் கதவில் தொங்கவிட்டாள்.

அவள் பயந்தாங்கொள்ளி. கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள். அடுப்பை அணைத்தோமா என்று பயம், பூட்டிய கதவு பூட்டித்தான் இருக்கிறதா என்று பயம். பிள்ளை பிறந்த பிறகு குண்டூசி பயம். சாயங்காலம் தையலை முடித்ததும் ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போவாள். விழுந்த ஊசியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் ஒட்டாத நாளிலாவது நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? மாட்டாள். காந்தம் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படுவாள்.

கிரேன்காரன் நேர் எதிர். காலையில் ஏணி ஏறிப் போனால், பறவை பறக்கிற உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பான். காற்றடித்தால் கூண்டு ஆடும். அது தன்னைத் தாலாட்டுவதாகச் சொல்லிப் பெண்டாட்டியின் வயிற்றில் புளியைக் கரைப்பான். தொழிலில் கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அவனைப் பேசவிட்டால், பேசி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

"தூக்குறது என்ன பெரிய வேலை, எவன் வேணாலும் தூக்குவான். இறக்குறதுலதான் இருக்கு. சுமை ஆடவே கூடாது. தன்னைத் தூக்குனதும் தெரியக் கூடாது, இறக்குனதும் தெரியக் கூடாது."

"இரும்புக்கு என்னங்க தெரியும்?"

"அதான் சொல்றேன். இரும்புக்கே தெரியக் கூடாது."

பிள்ளை பிறந்தபோது மிகவும் சின்னதாக இருந்தாள். 'என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கா' என்று அவன் சொல்லப் போக, சுண்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுண்டு குப்புற விழுந்ததும் முதல் பல் முளைத்ததும் தவழ்ந்ததும் டயர் கடை மாடியில். முதலில் பேசியது பேக்கரிக்குப் பக்கத்து வீட்டில். முதல் முறையாகத் தானாக நடந்தது எந்த வீட்டிலும் இல்லை. இரண்டு ஊருக்கு நடுவே ஒரு பெட்ரோல் பங்கில், காற்றுப் பிடிக்கிற குழாயைப் பிடிக்கப் போய் நாலு அடி வைத்தாள். முதலில் பேசிய வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'போலாம்' என்றாள். ஊரில் இருக்கிற அக்கா போனில், "பிள்ளை எந்த மாசத்துல பேசுனா?" என்று கேட்டால் தையல்காரியால் மாதத்தைச் சொல்ல முடியாது. எந்த வீட்டில் என்று சொல்லுவாள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

சிரிப்பெல்லாம் பேக்கரி வீட்டைக் காலி செய்த நாளோடு சரி.

அன்றைக்குச் சாமான் தூக்க வந்தவர்கள் மரத் தொட்டிலைக் கழற்றினார்கள். சுண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் அழ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. உதடு நீலமானது, முகம் கருத்தது, கண் மேலே செருகியது, உடம்பு துணியாகத் தொய்ந்து தரையில் சரிந்தது. தையல்காரி போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். யார் தண்ணீர் தெளித்தது, யார் முதுகில் தட்டியது என்று எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. பிள்ளையின் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது மட்டும்தான் ஞாபகம்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "சில பிள்ளைங்க பயத்துல, கோவத்துல மூச்சைப் பிடிச்சுக்கும். தானா வந்துடும். வளர வளரச் சரியாயிடும். பயப்படாதீங்க" என்றார். பயப்படாதே என்று சொல்லிப் பயம் போயிருந்தால் தையல்காரி என்றைக்கோ தைரியசாலி ஆகியிருப்பாள். டாக்டர் சொன்னதில் மூச்சு என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் நின்றது.

"இன்னொரு தடவை அவ கண்ணு முன்னால வீட்டைக் காலி பண்ணா நான் செத்துடுவேன்" என்றாள் புருஷனிடம்.

கிரேன்காரனின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானே? அவளுக்குத் தெரியாமலே தூக்கிடலாம். தெரியாமலே இறக்கிடலாம்."

அப்படியே செய்தார்கள். அடுத்து வீடு மாறின நாளில் மதியச் சாப்பாடு கொடுத்து, குளிப்பாட்டி, சுண்டுவைத் தூங்க வைத்த பிறகுதான் மினி லாரி தெருவுக்குள் வந்தது. முனையிலேயே என்ஜினை அணைக்கச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தூக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். பேசக் கூடாது, இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். கட்டடத்தில் கீழே நிற்கிறவர்கள் அவனுக்குக் காட்டுகிற சைகையை இங்கே அவன் மற்றவர்களுக்குக் காட்டினான். கையை உயர்த்தினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக இறக்கு. ஒரு ஆள் தையல்காரியின் காதோடு வந்து, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டான். எல்லாம் போன பிறகு கடைசியாகப் பிள்ளையை மெத்தையோடு தூக்கிக் காரின் பின் சீட்டில் வைத்தார்கள். நடுவழியில் விழித்துக்கொண்டால், "சும்மா ஒரு ரவுண்டு போறோம் கண்ணு" என்று பால் கொடுத்து மறுபடி தூங்க வைப்பாள். புது வீட்டுக்கு வந்ததும், அவளைக் காரிலேயே தூங்கவிட்டு, அவன் அதே கட்டிலை அதே மாதிரி சுவரோரம் போட்டு, அதே திரைச்சீலையைத் தொங்கவிடுவான். மெத்தையை அதில் வைத்துவிட்டு நிமிர்ந்து, புருவத்தை உயர்த்திக் காட்டுவான்.

"பார்த்தியா? ஆடவே இல்ல."

சுண்டு எழுந்து மேலே பார்ப்பாள். வேறு கூரை. திரும்பிப் பார்ப்பாள். வேறு ஜன்னல். அழ மாட்டாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்பாள். தையல்காரிக்கு உயிர் திரும்பி வரும். பிள்ளை அழவில்லை, மூச்சு நிற்கவில்லை, அதற்கு மேல் என்ன வேண்டும்? இப்படி மாடிப்படி வீட்டுக்குப் போனார்கள், நாய் இருந்த வீட்டுக்குப் போனார்கள், அங்கிருந்து அச்சகத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் இன்னும் பக்குவமாகச் செய்தான்.

அச்சகத்து வீட்டில்தான் வினை ஆரம்பித்தது.

சுண்டுவுக்கு அப்போது நாலு வயது. பக்கத்திலேயே ஒரு மழலையர் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். முதல் நாள் அழாமல் போனாள், பையைத் தானே மாட்டினாள், செருப்பை இடம் வலம் மாறாமல் போட்டாள். தையல்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள், பிள்ளை மதியத் தூக்கத்தை நிறுத்தினாள். அப்புறம் இரவுத் தூக்கமும் கெட்டது. கண் சொருகும், தலை ஆடும், உடனே தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்து உட்காருவாள். அசந்து தூங்கினாலும் அம்மாவின் உடையை முறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கையை விடுவித்தால் விழித்துக்கொள்வாள். விழித்ததும் அம்மாவின் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். மூக்கு, கன்னம், முகவாய் என்று ஒவ்வொன்றாக, கடையில் துணி பார்க்கிற மாதிரி.

கண்ணுக்குக் கீழே கருத்தது. கன்னம் ஒட்டியது. 'பல்லு முளைக்குதோ என்னமோ' என்றான் கிரேன்காரன். நாலு வயதில் என்ன பல் என்று அவள் எரிந்து விழுந்தாள்.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது சுண்டுவின் தொடையில் நீலமாகக் கன்றிப்போன ஒரு தடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே மஞ்சளாக ஆறிப்போனது சில. யாரோ விரலால் கிள்ளிய தடம். தையல்காரி குவளையைக் கீழே வைத்தாள்.

"யாருடி கிள்ளுனது?"

"யாருமில்ல."

"ஸ்கூல்ல யாராவது பண்றாங்களா? மிஸ்ஸா?"

"இல்ல."

"அம்மாகிட்ட சொல்லு கண்ணு. அம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சுண்டு ஈரத் தலையோடு அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ யோசனை இருந்தது, சொல்லலாமா வேண்டாமா என்று ஆளை எடைபோடுகிற யோசனை. பெற்ற தாயை அப்படிப் பார்க்கிற பிள்ளையைத் தையல்காரி அதுவரைக்கும் பார்த்ததில்லை.

மறுநாள் பள்ளியில் போய் நின்றாள். பயந்தாங்கொள்ளிக்குக் கோபம் வந்தால் அளவு தெரியாது. டீச்சரம்மாவைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைக் கேட்டாள். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "இங்க யாரும் தொட மாட்டோம். ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாப் பிள்ளைங்களும் மத்தியானம் படுத்துத் தூங்கும். உங்க பொண்ணு மட்டும் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து வாசலையே பார்த்துட்டிருக்கா. வீட்டுல என்ன நடக்குது?"

கிளினிக்கில் இருந்த டாக்டரும் அதையேதான் கேட்டார். தடத்தைப் பார்த்துவிட்டு, சுண்டுவை வெளியே உட்கார வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாருக்காவது கோவம் அதிகமா வருமா?" என்று கேட்டார். "பாப்பாவோட அப்பா எப்படி?"

"அவரா? எறும்பைக்கூட மிதிக்க மாட்டார் டாக்டர்."

சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மாலை அவன் வேலை முடிந்து வந்து கை கழுவியபோது, அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க லீவர் பிடித்துக் காய்த்துப்போன பெரிய விரல்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிள்ளையின் தொடை எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தும்விட்டாள். அவன் துண்டு கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். அவனுக்குத் தெரியாத இந்த ஒரு நினைப்புக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த லட்சணத்தில் அச்சகத்து வீட்டுக்கும் நாள் நெருங்கியது. கட்டடம் மேல் தளத்துக்கு வந்துவிட்டது, அடுத்த ஊரில் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். ஒரு விடுமுறை நாளில் வீடு பார்க்கக் கிளம்பினார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக யாருமில்லை, கூட்டிக்கொண்டே போனார்கள். அவன் ஓட்டினான், அவள் முன்னால், சுண்டு பின் சீட்டில். நீளமான, ஒரே நேரான ரோடு. இரண்டு பக்கமும் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கே கண்ணைச் சொருகும்.

முன் கண்ணாடியை மறைக்கிற தட்டியின் பின்னால் முகம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. வெயில் முகத்தில் விழ, அவள் தட்டியை இறக்கினாள். கண்ணாடியில் சுண்டு தெரிந்தாள். இமை இறங்கிக்கொண்டிருந்தது. முழுதாக மூடப்போகிற நேரத்தில் பிள்ளையின் வலது கை தொடைக்குப் போனது. கவுனை விலக்கியது. சதையைப் பிடித்துத் திருகியது. கண் திறந்தது. தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு முனகல் இல்லை. பழகின கை.

"வண்டியை நிறுத்துங்க."

"இங்கயா? என்னாச்சு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கிப் பின்னால் போய் ஏறிக் கதவைச் சாத்தினாள். லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் குலுங்கியது.

"ஏன்டி உன்னை நீயே கிள்ளிக்கிற?"

"தூக்கம் வருது."

"வந்தா தூங்கேன். யாரு வேணாம்னா?"

"தூங்குனா மாத்திடுவாங்க."

"யாரு மாத்துவாங்க?"

"தெரியல. நான் தூங்கும்போதுதான் வருவாங்க. நான் பார்த்ததே இல்ல."

முன் சீட்டில் இருந்தவன் மெதுவாகத் திரும்பினான். "என்னத்தை மாத்துவாங்க?" என்று தையல்காரி கேட்டாள்.

"எல்லாத்தையும். மாடிப்படியை எடுத்துட்டாங்க. நாயை எடுத்துட்டாங்க. ஜன்னலை வேற பக்கம் வெச்சுட்டாங்க. கட்டிலை மட்டும் விட்டுட்டுப் போயிடுவாங்க." குரலை இன்னும் இறக்கினாள். "அம்மா அப்பாவையும் மாத்திட்டாங்க."

"நான்தானேடி இருக்கேன்!"

"நாய் வீட்டு அம்மா கண்ணாடி போடல."

உண்மைதான். ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறது என்று அச்சகத்து வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அவள் கண்ணாடி போட ஆரம்பித்தாள். அதே வாரத்தில் கிரேன்காரன் மீசையை எடுத்திருந்தான். புது ஊர், புது முகமாக இருக்கட்டுமே என்று அவன் அடித்த ஜோக்குக்கு அவளும் சிரித்திருந்தாள்.

"அந்த அப்பாவுக்கு மீசை இருந்துச்சு" என்றாள் சுண்டு. பிறகு, எதிரில் இருக்கிறவளின் மனது புண்பட்டுவிடக் கூடாது என்பதுபோல அவசரமாகச் சொன்னாள்: "நீயும் நல்ல அம்மாதான். உன்னையும் மாத்திடக் கூடாதுன்னுதான் நான் தூங்காம பார்த்துக்கிறேன்."

தையல்காரிக்கு அழுகைகூட வரவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இத்தனை நாளாகத் தன் முகத்தைத் தடவிய விரல்கள் எதைத் தேடின என்று இப்போதுதான் விளங்கியது. இந்தப் பச்சை மண் ராத்திரியும் பகலுமாகக் காவல் இருந்திருக்கிறது. அதுவும் தன்னைப் பெற்றவள்தானா என்று நிச்சயமில்லாத ஒருத்திக்காக.

கிரேன்காரன் கீழே இறங்கிப் போய் ரோட்டோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பாட்டில் தண்ணீர் முழுவதையும் முகத்தில் ஊற்றிக்கொண்டான். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஜன்னலில் குனிந்து, "அவ சொன்ன 'அவங்க' நாமதான்" என்றான். "நாமதான்டி."

வீட்டைப் பேசி முடித்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து சண்டை. வீடு மாறுகிற நாளில் சுண்டு விழித்திருக்க வேண்டும் என்றாள் அவள். கூடவே கூடாது என்றான் அவன். அத்தனை உயரத்தில் காற்றில் ஆடுகிறவன், இதைப் பேசும்போது முகம் வெளுத்துப்போனான்.

"பேக்கரி வீட்டுல நடந்ததை மறந்துட்டியா? திரும்பி மூச்சு நின்னா? வழியில எங்க ஆஸ்பத்திரி இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"நான் மறக்கல. அதை நினைக்காம ஒரு நாள்கூட நான் படுத்ததில்ல."

"அப்புறம் ஏன்?"

"அவ தூங்காமலே செத்துப்போயிடுவா!"

அந்த வார்த்தைக்கு அவன் இறங்கி வந்தான். மறுநாள் அவள் டாக்டரிடம் போய், மூச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருக்களித்துப் படுக்க வை, உலுக்காதே, வாயில் எதையும் ஊற்றாதே, காத்திரு. காத்திரு என்பதைத் தவிர மற்றதெல்லாம் அவளால் முடியும் என்று தோன்றியது.

கிளம்புகிற நாள் வந்தது. இந்தத் தடவை மினி லாரி காலையிலேயே, ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. சுண்டு ஓடி வந்து பார்த்தாள்.

"இது யாரு?"

"நம்ம சாமான் தூக்க வந்திருக்காங்க. நாம வேற ஊருக்குப் போறோம். வீடு இங்கயேதான் இருக்கும், நாமதான் போறோம்."

சுண்டு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களுடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "இவங்கதானா?" என்று கேட்டாள். ஒருவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். பீரோ போனது, பாத்திர மூட்டை போனது, தையல் மெஷின் போனது. சுண்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிரேன்காரன் கட்டிலுக்கு வந்தான். எத்தனையோ தடவை கழற்றிய கட்டில். ஸ்பேனர் கையில் வழுக்கியது. முதல் போல்ட் கழன்று தரையில் விழுந்த சத்தத்துக்கு சுண்டு வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

தையல்காரி அவளைத் தரையில் சாய்த்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். உதடு நீலமாவதைப் பார்த்தாள். "பண்ணுடி, ஏதாவது பண்ணு!" என்று அவன் கத்தினான். அவள் பண்ணவில்லை. உலுக்கத் துடித்த கைகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அம்மா இங்கதான் இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்து தொய்ந்தது. சாமான் தூக்க வந்தவர்கள் வாசலில் சிலையாக நின்றார்கள். இதோ போய்விட்டாள், நான்தான் கொன்றேன், சும்மா தூங்க வைத்துத் தூக்கிப் போயிருக்கலாம் என்று அவளுக்குள் ஒரு குரல் ஓலமிட்டது. அவள் வாய் மட்டும் நிற்கவில்லை. இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்.

ஒரு விக்கல். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஓர் அழுகை. சுண்டு ஓய்கிற வரைக்கும் அழுதாள். மாடிப்படிக்கும் நாய்க்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கிரேன்காரன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனும் அழுதான். தூக்க வந்தவர்கள் நாகரிகமாக வெளியே போய்விட்டார்கள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு சுண்டு எழுந்தாள். காலியான அறை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள். அப்பா மீதி போல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி டப்பாவில் போட்டாள். கதவைப் பூட்டியதை அவளே பார்த்தாள். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் அம்மாவின் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

காரில் தையல்காரி பின் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஊரைத் தாண்டியதும் சுண்டுவின் இமை இறங்கியது. கை தொடைக்குப் போனது. தையல்காரி அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீ தூங்கு. இன்னைக்கு அம்மா காவல்." சுண்டு நம்பவில்லை. ரொம்ப தூரம் போராடினாள். கடைசியில் உடம்புதான் தோற்றது. மடியில் கனமாகச் சரிந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மூச்சு வருகிறதா, போகிறதா என்று பார்த்துக்கொண்டே தையல்காரி வந்தாள். கண்ணாடியில் புருஷன் சைகையால் கேட்பான், அவள் தலையசைப்பாள்.

புது வீட்டு வாசலில் கார் நின்றது. அவன் இறங்கி வந்து, பழக்க தோஷத்தில், பிள்ளையின் கழுத்துக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்தான். தையல்காரி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"தூக்காதீங்க. அவளே எந்திரிக்கட்டும்."

"வெயில் அடிக்குது. வீட்டுக்காரர் சாவியோட நிக்கிறாரு."

"நிக்கட்டும்."

நின்றார். கதவருகே நின்றார், அப்புறம் நிழலுக்குப் போய் நின்றார், அப்புறம் வந்து காருக்குள் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கிரேன்காரன் உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக என்று சைகை காட்டினான். அவருக்கு விளங்கவில்லை. தையல்காரியின் கால் மரத்துப்போனது. விழித்ததும் இவள் தன்னை எப்படிப் பார்ப்பாள்? யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி மறுபடியும் பார்த்துவிட்டால்? மூச்சு நின்றபோது பயந்ததைவிட இதற்கு அதிகமாகப் பயந்தாள்.

சுண்டு கண்ணைத் திறந்தாள். காரின் கூரையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு புதுச் சுவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கையைத் தூக்கி முகத்தைத் தடவவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ தூங்குனியா?"

"இல்ல கண்ணு."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல."

"அப்போ எப்படி வந்தோம், சொல்லு. வழியில என்னெல்லாம் இருந்துச்சு?"

தையல்காரி வழியை நினைத்துப் பார்த்தாள். ஒரு பாலம், ஒரு கடை, ஒரு மரம்கூட அவள் நினைவில் இல்லை. இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் சொன்ன 'சும்மா ஒரு ரவுண்டு' வாய்வரை வந்தது.

"தெரியலடி" என்றாள். "வழியை நான் பார்க்கவே இல்ல. உன்னையேதான் பார்த்துட்டு வந்தேன்."

சுண்டு மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"முழுக்கவா?"

"முழுக்க."

"சரி" என்று சொல்லிவிட்டு சுண்டு செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.